மூச்சு நல்லாத்தான் இருக்குன்னு என் உடம்பு சொன்னா நான் நம்புறதில்ல

இப்போ மூச்சு எப்படி இருக்குன்னு யாராவது கேட்டா நான் உடனே பதில் சொல்றதில்ல, மூச்சு வேகத்தை அளக்கற மீட்டர்ல ஊதிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. ஆஸ்துமா முத்திப் போய் வென்டிலேட்டர் வரைக்கும் போயிட்டு வந்தவங்கள்ல நெறைய பேருக்கு, உள்ள மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குங்கிறது சரியா உறைக்கிறதே இல்ல. 1994-லயே ஜப்பான் டாக்டருங்க இதை சோதிச்சுப் பாத்திருக்காங்க. உயிர் போற அளவுக்கு அட்டாக் வந்து பொழச்சவங்களையும், சாதாரண ஆஸ்துமாக்காரங்களையும், ஆஸ்துமாவே இல்லாதவங்களையும் உக்கார வச்சு, காத்து போற வழிய வேணும்னே இறுக்கி மூச்சு விடச் சொல்லிருக்காங்க. பொழச்சு வந்தவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் ரொம்பக் கம்மியாத் தெரிஞ்சிருக்கு, ஆக்சிஜன் குறையறப்போ வேகமா மூச்சு இழுக்கணும்னு உடம்புல வர வேண்டிய தூண்டுதலும் அவங்களுக்குக் குறைவு. இதை என் செஸ்ட் டாக்டர் சொன்னப்போதான் எனக்கு நடந்தது எல்லாமே புரிஞ்சுது. அதுவரைக்கும் வீட்ல எல்லாரும் "நீ ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க, சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்சாத்தானே.

எனக்குச் சின்ன வயசுலேருந்தே வீசிங் உண்டு. ஊர் திருப்பூர், வேலை பனியன் கம்பெனி ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ். நான் மிஷின் பக்கம் போறதில்லன்னாலும் நிட்டிங் செக்ஷன் பஞ்சுத்தூசி ஆபீஸ் ஃபேன் றெக்கை வரைக்கும் வந்து ஒட்டிக்கும். ஹேண்ட்பேக்ல எப்பவும் நீலக் கலர் பஃப், அதான் இன்ஹேலர், ஒண்ணு இருக்கும், இழுத்தா சரியாப்போயிடும், அதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம், எங்க தெருவுல இருக்கற மத்த வீசிங்காரங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியமும் அதேதான்.

ஒரு மார்கழியில சளி புடிச்சுது. நாலு படி ஏறினா நின்னு ஏறினேன், ராத்திரி எந்திரிச்சு உக்காந்தேன், பஃப் அடிச்சேன், காலைல கம்பெனிக்குப் போனேன். எனக்கு நிஜமாவே ஒண்ணும் பெருசாத் தோணல. கண்டுபுடிச்சது அத்தைதான். சாயங்காலம் வந்து ஏதோ சொல்லிட்டு இருந்தவ, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல நிறுத்தியிருக்கேன் போல. "ஏங் கண்ணு, ஒவ்வொரு வார்த்தையாப் பேசற?"ன்னு கேட்டாங்க. நான் "ஒண்ணு... மில்லீங்... அத்தை"ன்னேன். அவங்க அடுப்ப அணைச்சுட்டு எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டாங்க.

பக்கத்துல ஒரு சின்ன கிளினிக், பேர் வேண்டாம். விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினாங்க, ஆக்சிஜன் 93. நெபுலைசர் வச்சாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டெத் வச்சுப் பாத்துட்டு "வீசிங் சத்தமே இல்ல, நல்லாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டாங்க. இந்த இடத்தத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசைப்படறேன். விசில் சத்தம் வரணும்னா கொஞ்சமாச்சும் காத்து போயி வரணும். ரொம்ப அடைச்சுப் போனா காத்தே ஓடாது, சத்தமும் இருக்காது. சத்தம் நின்னு போயி ஆளு நல்லாப் பேசறான், முகம் தெளிஞ்சிருக்குன்னா அது குணம். சத்தம் நின்னு போயி ஆளு வேர்த்துக் கொட்டி, குனிஞ்சு உக்காந்துட்டு, பேச முடியாம, தூக்கம் வர்ற மாதிரி கண்ணு சொருகினா அது ஆபத்துலயே பெரிய ஆபத்து. எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா "இவளால முழுப் பேரச் சொல்ல முடியலைங்க, எப்படிங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது"ன்னு சண்டை போட்டுட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டிய விட்டார்.

அங்க மணிக்கட்டுல குத்தி ரத்தம் எடுத்தாங்க, சாதாரண ஊசியை விட வலிக்கும் அது. கார்பன் டை ஆக்சைடு அளவு நார்மல்னு வந்துச்சாம், அதைப் பாத்துதான் டாக்டர் பதறிட்டாராம். அட்டாக்ல வேக வேகமா மூச்சு விடறவங்களுக்கு அது நார்மலுக்குக் கீழதான் இருக்கணும், நார்மல்னு வந்தாலே உடம்பு ஓய்ஞ்சு போச்சு, இனி ஏறத்தான் போகுதுன்னு அர்த்தமாம். ஆக்சிஜன், திரும்பத் திரும்ப நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, மெக்னீசியம் டிரிப், எதுக்கும் கேக்காம கடைசியில தொண்டையில டியூப் போட்டு மயக்கத்துல வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கறது எல்லாம் கண்டபடி கனவுதான். சீலிங்லேருந்து பஞ்சுத்தூசி மழை மாதிரி கொட்டுது, நர்ஸ் எல்லாம் எங்க கம்பெனி செக்கிங் பொண்ணுங்க, என்னைப் பீஸ் ரேட்டுக்கு வித்துட்டாங்கன்னு. ஐசியூல மயக்க மருந்துல இருக்கறவங்களுக்கு இப்படி வர்றது சகஜம்னு பின்னாடி சொன்னாங்க, வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் வரைக்கும் அது நிஜமா கனவான்னே எனக்குக் குழப்பமா இருந்துச்சு. யாருக்காச்சும் இப்படி இருந்தா, புத்தி கெட்டுப் போச்சோன்னு பயப்படாம டாக்டர்கிட்ட வாய விட்டுச் சொல்லிடுங்க.

டிஸ்சார்ஜ் ஆனா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் பாத்ரூம் போயிட்டு வந்தாலே தொடை நடுங்குச்சு. ஸ்டீராய்டும் டியூப் போட்டிருக்கப்போ குடுக்கற தசை தளர்த்தற மருந்தும் சேர்ந்தா அப்படி ஆகுமாம், மெல்ல மெல்ல சரியாச்சு. குரல் கரகரன்னு இருந்துச்சு, சுகர் ஏறுச்சு, கொஞ்ச மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா வந்துச்சு, இதெல்லாம் போயிடும் கவலைப்படாதீங்க. ஆனா டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரம்தான் மறுபடி வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், அதனால குடுத்த ஸ்டீராய்டு மாத்திரைய "நல்லாத்தான் இருக்கு"ன்னு பாதியில நிறுத்தாம, ஒரு வாரத்துக்குள்ள செஸ்ட் டாக்டரப் போயிப் பாக்கணும். ஒரு தடவை வென்டிலேட்டர் வரைக்கும் போனவங்களுக்கு ஆஸ்துமாவால உயிருக்கு ஆபத்து மத்தவங்களை விட அதிகம்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொன்னார். சொன்னது நல்லதுன்னுதான் நெனைக்கிறேன்.

அப்புறம் அவர் குடுத்ததுதான் பீக் ஃப்ளோ மீட்டர். பிளாஸ்டிக் குழாய், ஒரு ஊசி நகரும், கரண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மருந்துக் கடையில ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது. நின்னுட்டு, முள்ள ஜீரோவுக்குத் தள்ளிட்டு, மூச்ச முழுசா உள்ள இழுத்து, உதட்ட குழாயச் சுத்தி இறுக்க மூடி, ஒரே ஊதல், சட்டுன்னு, பலமா. நீளமா ஊதறதுல பிரயோஜனம் இல்ல, வேகம்தான் கணக்கு. மூணு தடவ ஊதி அதுல எது அதிகமோ அதைத்தான் எழுதணும், சராசரி போடக் கூடாது. காலைல பஃப் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நல்லா இருக்கற வாரங்கள்ல வந்த உச்ச நம்பர்தான் உங்க சொந்த அளவு, பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒப்பிட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. எனக்கு 340. அதுல 80 சதவீதம் 270 சொச்சம், அதுக்கு மேல இருந்தா பச்சை. 270-லேருந்து 170 வரைக்கும் மஞ்சள். 170-க்குக் கீழ சிவப்பு. ஃப்ரிட்ஜ் கதவுல சார்ட் ஒட்டியிருக்கு, பொண்ணுதான் ஸ்கெட்ச் பேனாவுல கலர் அடிச்சா.

இந்த மீட்டர் வந்தப்புறம்தான் நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுது. 230 காட்டறப்போ எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல! பாத்திரம் வெளக்கிட்டு இருப்பேன், சீரியல் பாத்துட்டு இருப்பேன், மூணுல ஒரு பங்கு காத்து காணாமப் போயிருக்கும். அதே 330 இருக்கறப்போ நெஞ்சு அடைக்குது, செத்துருவேன் போலன்னு நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்ததும் உண்டு, அது பயம். ஐசியூ போயிட்டு வந்தவங்களுக்கு இந்த பயம் வர்றது ரொம்ப சகஜம். விரல் நுனி, உதட்டச் சுத்தி மதமதன்னு ஆகுது, தலை லேசாகுது, பெருமூச்சு பெருமூச்சா வருதுன்னா பெரும்பாலும் பயத்துல அதிகமா மூச்சு விடறோம்னு அர்த்தம். ஆனா அதை வச்சு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, மொதல்ல ஊதிப் பாருங்க. நம்பர் பச்சையில இருந்தா உக்காந்து, தோளத் தளர்த்தி, மூக்கால மெதுவா இழுத்து, உதட்டக் குவிச்சு இழுத்த நேரத்தவிட ரெண்டு மடங்கு நேரம் வெளிய விடுங்க. மீட்டர் கையில இல்லன்னாலோ சந்தேகமா இருந்தாலோ அதை ஆஸ்துமான்னே எடுத்துக்கிட்டு மருந்து எடுத்துக்குங்கன்னு எங்க டாக்டர் சொல்லியிருக்கார்.

கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வீட்லயும் ஆக்சிமீட்டர் வந்துருச்சு, அதுல 96 காட்டுது ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க ரொம்பப் பேர். ஆஸ்துமாவுல ஆக்சிஜன் கடைசியிலதான் இறங்கும். அதுக்கு முன்னாடியே மூச்சுக்குழாய் பாதி அடைச்சிருக்கும், நாம மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி அந்த 96-ஐ இழுத்துப் புடிச்சிட்டு இருப்போம். 92-க்குக் கீழ போனா அது உயிருக்கு ஆபத்துன்னு எடுத்துக்கணும், சரி. ஆனா 96 இருக்குன்னு நிம்மதியா இருக்க முடியாது.

நீல பஃப்பைப் பத்தி. அது கெட்ட மருந்து இல்ல, என் உயிரை எத்தனையோ தடவ காப்பாத்தியிருக்கு. ஆனா அது பண்றது ஒரே வேலை, இறுக்கிப் புடிச்ச தசைய கொஞ்ச மணி நேரம் தளர்த்தி விடும். உள்ள இருக்கற வீக்கம், சளி அப்படியேதான் இருக்கும், அந்த வீக்கத்துக்குத்தான் தினமும் எடுக்கற ஸ்டீராய்டு பஃப். வெறும் நீல பஃப்ப மட்டும் வச்சு ஆஸ்துமாவ ஓட்டக் கூடாதுன்னு, கீனான்னு சொல்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லயே வழிகாட்டிய மாத்திட்டாங்க. ஒரு நீல பஃப்ல 200 தடவ அடிக்கலாம். வருஷத்துக்கு 3 பஃப் அல்லது அதுக்கு மேல காலியாச்சுன்னா பெரிய அட்டாக் வர்ற வாய்ப்பு கூடுது, 12-ஐத் தொட்டா உயிருக்கே ஆபத்து கூடுதுன்னு அவங்க சொல்றாங்க. உங்க மருந்துக்கடை அண்ணன்கிட்ட போன வருஷ பில்லக் கேட்டுப் பாருங்க, நீங்க எந்தக் கணக்குல இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்.

எனக்கு இப்போ ஃபோராகார்ட், அதாவது ஸ்டீராய்டும் ஃபார்மோட்ரால்ங்கிற மருந்தும் சேர்ந்தது. தினமும் ரெண்டு வேளை, நடுவுல மூச்சு வாங்கினாலும் அதையே எடுத்துக்கலாம். ஏன்னா ஃபார்மோட்ரால் சில நிமிஷத்துலயே வேலை செய்யும், கூடவே ஒவ்வொரு தடவையும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ள போகும். ஒரு நாளைக்கு எவ்வளவு வரைக்கும் போகலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இதைப் படிச்சுட்டு எல்லா காம்பினேஷன் பஃப்பையும் அப்படி அடிச்சுடாதீங்க, சால்மெட்ரால் சேர்ந்த பஃப்ப அவசரத்துக்கு எடுக்கக் கூடாது, பேர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், டப்பாவக் கொண்டு போயி டாக்டர்கிட்ட காமிச்சுக் கேளுங்க.

"ஸ்டீராய்டா? வேண்டாம் கண்ணு, பழகிடும், எலும்பு உருகிடும்"னு சொல்லாத சொந்தக்காரங்களே இல்ல எங்க வீட்ல. நான் அக்கவுண்ட்ஸ்காரி, எனக்குக் கணக்காச் சொன்னாத்தான் ஏறும். அட்டாக் வந்தப்போ எனக்குக் குடுத்த மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். பஃப்ல தினமும் போறது 400 மைக்ரோகிராம்னு வச்சுக்கோங்க, ஆயிரம் மைக்ரோகிராம்தான் ஒரு மில்லிகிராம், அப்போ ஒரு நாள் மாத்திரையோட எடைக்கு நூறு நாள் பஃப். மருந்து வேற வேற, அதனால இதை அப்படியே தராசுல வைக்க முடியாதுதான், ஆனா பஃப்ப விட்டுட்டு வருஷத்துக்கு மூணு தடவ அட்டாக் வந்து மாத்திரை சாப்புடறவங்க உடம்புலதான் அதிக ஸ்டீராய்டு ஏறும்ங்கிறது புரிஞ்சுது. சுகர், எலும்பு, கண் புரை எல்லாம் அந்த மாத்திரையாலதான் அதிகம் வரும். பஃப் அதிக டோஸ்ல வருஷக் கணக்கா எடுத்தா அதுக்கும் பக்க விளைவு உண்டு, அதனாலதான் நல்லா இருக்கறப்போ டாக்டரே குறைச்சுப் பாப்பாங்க. எடுத்த உடனே வாய் கொப்புளிச்சுத் துப்பிடணும், இல்லன்னா நாக்குல வெள்ளை படியும்.

பஃப் அடிக்கற முறைய ஒரு நர்ஸ் எனக்குச் சொல்லிக் குடுத்தப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு, இத்தனை வருஷமா அடிக்கறேன் எனக்கா சொல்லித் தர்றீங்கன்னு. அடிச்சுக் காமிக்கச் சொன்னாங்க, பாதி மருந்து நாக்குலயும் தொண்டையிலயும்தான் போயிட்டு இருந்துச்சு. ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குடுவை, பஃப்ப அதுல மாட்டி, குலுக்கி, ஒரு தடவ அழுத்தி, மெதுவா இழுத்து ஒரு பத்து எண்ணற வரைக்கும் அடக்கி வைக்கணும். முடியாதவங்க அதுக்குள்ளயே அஞ்சாறு தடவ சாதாரணமா மூச்சு விட்டாப் போதும். ஒரே நேரத்துல ரெண்டு மூணு அழுத்து அழுத்தாதீங்க. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணியில முக்கி எடுத்து அப்படியே காய விடணும், துணி போட்டுத் தொடச்சா அதுல மருந்து ஒட்டிக்கும். கேப்சூல் போட்டு இழுக்கற வகை பஃப் இருக்கே, அதுக்கு நாமளே பலமா இழுக்கணும், நல்ல நாள்ல சரி, அட்டாக் நேரத்துல அந்த பலம் இருக்காது, அதனால அவசரத்துக்கு அழுத்தற வகை ஒண்ணும் ஸ்பேசரும் வீட்ல இருக்கட்டும். ஸ்பேசர் இல்லாத ஊர்ல மாட்டிக்கிட்டா அரை லிட்டர் தண்ணி பாட்டில் அடியில பஃப் வாய் சரியாப் பொருந்தற மாதிரி ஓட்டை போட்டு வாய்ப்பக்கமா இழுக்கலாம், தென்னாப்பிரிக்காவுல இதைக் கொழந்தைங்களுக்கு வச்சுப் பாத்து நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சிருக்காங்க.

டாக்டர்கிட்ட நான் கேட்டு வாங்கினது ஒரே ஒரு பேப்பர். எந்த நம்பருக்கு என்ன பண்ணணும்னு, தமிழ்ல, எங்க அத்தைக்குப் படிக்கற மாதிரி பெரிய எழுத்துல. மஞ்சளுக்கு வந்தா பஃப் எவ்வளவு கூட்டணும், எத்தனை நாள்ல அவரக் கூப்பிடணும். சிவப்புன்னாலோ, இல்ல நம்பர் என்னவா இருந்தாலும் ஒரு வரிய முழுசாச் சொல்ல முடியலன்னாலோ, உதடு கருத்தாலோ, பஃப் அடிச்ச சுகம் நாலு மணி நேரம்கூட தாங்கலன்னாலோ உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் நிமிர்ந்து உக்காரணும், படுக்க வைக்கக் கூடாது, ஸ்பேசர்ல நீல பஃப் ஒவ்வொண்ணா 4-லேருந்து 10 வரைக்கும், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ, எழுதிக் குடுத்த ஸ்டீராய்டு மாத்திரைய அப்பவே முழுங்கிடணும், அது வேலை செய்ய சில மணி நேரம் ஆகும்ங்கிறதால சீக்கிரம் போடப் போடத்தான் நல்லது. இது எனக்கு எழுதினது, உங்களுக்கு உங்க டாக்டர் எழுதணும். ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல, ஒண்ணு ஹேண்ட்பேக்ல, போட்டோ எடுத்து எங்க வீட்டுக்காரர் போன்ல.

அந்தப் பேப்பர்ல மேலயே ஒரு வரி எழுதியிருக்கு: "இவங்க ஆஸ்துமாவுக்காக ஏற்கெனவே வென்டிலேட்டர்ல இருந்தவங்க." எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் மொதல்ல சொல்ல வேண்டியது இதுதான். "வீசிங்குங்க"ன்னு சொன்னா உக்காருங்கம்பாங்க, டோக்கன் குடுப்பாங்க. இந்த வரியச் சொன்னா நிக்க வைக்க மாட்டாங்க. அத்தைக்குப் படிப்பு அவ்வளவா இல்ல, ஆனா இந்த வரிய மனப்பாடமாச் சொல்லுவாங்க, பொண்ணுகிட்ட 108-க்குப் பேச வச்சு ஒத்திகையே பாத்திருக்கோம், வீட்டு அடையாளம் என்ன சொல்லணும்ங்கிறது வரைக்கும். 2014-ல பிரிட்டன்ல 195 ஆஸ்துமா மரணங்கள அலசி ஒரு அறிக்கை வந்துச்சு, அதுல 45 சதவீதம் பேர் மருத்துவ உதவி கேக்காமலேயோ கிடைக்கறதுக்கு முன்னாடியோ இறந்திருக்காங்க. அந்த ஊர்லயே இப்படின்னா கூட இருக்கறவங்களுக்குச் சொல்லி வைக்கறதுக்கு நாம கூச்சப்படவே கூடாது. என்னைப் பொறுத்தவரை என் உடம்பை விட அத்தை கண்ணு நம்பகமானது.

மருந்துக்கடையில தலைவலி, மூட்டுவலின்னு சொல்லி மாத்திரை வாங்கறப்போ ஆஸ்துமா இருக்குன்னு சொல்லியே வாங்குங்க. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைங்க ஆஸ்துமாக்காரங்கள்ல சில பேருக்கு அட்டாக்கையே கொண்டு வந்துடும், முக்கியமா மூக்குல சதை வளர்றவங்களுக்கு. ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் குடுக்கற ப்ரொப்ரனலால் ஆகாது. கண் பிரஷருக்கு ஊத்தற டிமோலால் சொட்டு மருந்து கண்ணுலதானே ஊத்தறோம்னு நெனைப்போம், அதுவும் ஆகாது.

வீட்ல மாத்தினது பெருசா ஒண்ணும் இல்ல. கொசுவர்த்திச் சுருள் போச்சு, ஒரு சுருள் எரிஞ்சு முடியறப்போ வர்ற நுண்தூசி 75-லேருந்து 137 சிகரெட் புகைக்குச் சமம்னு 2003-ல ஒரு ஆராய்ச்சியில வந்திருக்கு, இப்போ வலைதான். சாம்பிராணிக்கு அத்தை மொதல்ல ஒத்துக்கல, இப்போ வெள்ளிக்கிழமை நான் கம்பெனியில இருக்கறப்போ போட்டு ஜன்னலத் தொறந்து வைக்கறாங்க. மிளகா தாளிக்கறப்போ நான் வாசலுக்கு வந்துடுவேன். தலகாணி மெத்தைக்கு உறை, போர்வைய சுடுதண்ணியில தொவைக்கறது. போகிக்கு முந்தின நாளே ஜன்னல் எல்லாம் சாத்திடுவோம், தீபாவளி ராத்திரியும் அப்படித்தான். ஆபீஸ்ல என் டேபிள மாடிக்கு மாத்திக் குடுத்தாங்க, டாக்டர் லெட்டர் வச்சுக் கேட்டேன், கேட்டா குடுக்கறாங்க. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி. ஹைதராபாத் மீன் மருந்துக்கு ஜூன்ல டிக்கெட் போடவான்னு சித்தப்பா வருஷம் தவறாமக் கேப்பார், எனக்கு உயிர் மீனை முழுங்கற தைரியம் இல்லைங்க சித்தப்பான்னு சொல்லிடுவேன், அதைச் சாப்பிட்டுட்டு பஃப்ப நிறுத்திட்டு கஷ்டப்பட்டவங்கள நான் ஓ.பி வரிசையில பாத்திருக்கேன், அதை அவர்கிட்ட விளக்கறதவிட இந்த பதில் ஈஸி.

இத்தனையும் சரியாப் பண்ணியும் போன மழைக்காலத்துல ரெண்டாவது தடவ ஸ்டீராய்டு மாத்திரை வரைக்கும் போக வேண்டியதாயிடுச்சு, மீட்டர் முன்னாடியே காட்டிக் குடுத்ததால ஆஸ்பத்திரியில படுக்காமத் தப்பிச்சேன். இதுக்கப்புறம்தான் டாக்டர் பயாலஜிக் ஊசியப் பத்தி, அதாவது வீக்கத்தத் தூண்டற குறிப்பிட்ட பொருளையே தடுக்கற ஊசியப் பத்திப் பேச ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி பஃப் முறை சரியா, தினமும் எடுக்கறோமா, சைனஸ் இருக்கா, நெஞ்செரிச்சல் இருக்கா எல்லாம் பாத்துடுவாங்க, ஏன்னா கடுமையான ஆஸ்துமான்னு வர்றவங்கள்ல பல பேருக்கு இதுல ஏதாவது ஒண்ணச் சரி பண்ணினாலே அடங்கிடுமாம். அப்படியும் அடங்கலன்னா ரத்தத்துல ஈசினோஃபில்ங்கிற ஒரு வகை வெள்ளணு, ஐஜிஇங்கிற அலர்ஜிப் புரதம் ரெண்டையும் பாத்து எந்த ஊசி பொருந்தும்னு முடிவு பண்ணுவாங்க. ஐஜிஇ அதிகமா அலர்ஜி வகைன்னா ஓமாலிசுமாப், ஈசினோஃபில் அதிகம்னா மெபோலிசுமாப் இல்ல பென்ராலிசுமாப். மெபோலிசுமாப் 4 வாரத்துக்கு ஒண்ணு, பென்ராலிசுமாப் முதல் மூணு ஊசிக்கு அப்புறம் 8 வாரத்துக்கு ஒண்ணு. அட்டாக்கையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நல்லாக் குறைக்குது, ஆனா நிறுத்தினா பலன் போயிடலாம், அதனால வருஷக் கணக்கா போடற மாதிரிதான் இருக்கும்.

விலையக் கேட்டதும் எங்க வீட்டுக்காரரும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்க மாதிரி குடும்பத்துக்கு மாசா மாசம் கையிலேருந்து கட்டற காசு இல்ல அது. தனியா மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாம்னா ஏற்கெனவே இருக்கற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். எனக்குக் கம்பெனியில இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, புடிக்கறாங்க, பஃப் எல்லாம் அங்கதான் வாங்கறேன், ஊசிக்கு வழி இருக்கான்னு கேக்கச் சொல்லி டாக்டர் ஈசினோஃபில் ரிப்போர்ட், பிஎஃப்டின்னு சொல்ற நுரையீரல் டெஸ்ட் ரிப்போர்ட், ஐசியூ டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் சேர்த்து ஒரு லெட்டர் குடுத்தார். ஒரிஜினல நான் வச்சுக்கிட்டு ஜெராக்ஸ்தான் குடுத்திருக்கேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணுவாங்களாம், அதுக்கு எங்க வீட்டுக்காரர் லீவு சொல்லி வச்சிருக்கார்.